பாடசாலையில் ஹெல்த் அண்ட் சோஷியல் கெயார்: 9ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பம் வரை

இங்கிலாந்தில் 9ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் கையில் ஒப்ஷன்ஸ் படிவம் (ஜீசிஎஸ்ஈ, அதாவது 16 வயதில் எழுதும் பரீட்சைக்கான பாடங்களைத் தெரிவுசெய்யும் படிவம்) வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். ட்ரிபிள் சயன்ஸ் கிடைக்குமா, கம்பியூட்டர் சயன்ஸ் எடுக்கலாமா, வரலாறா புவியியலா. அதே படிவத்தில் ஹெல்த் அண்ட் சோஷியல் கெயார் (சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்) என்றொரு வரியும் இருக்கும். "அது படிக்க ஏலாத பிள்ளைகளுக்கு" என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒருவர் நோயில் விழும்போதும், முதுமையடையும்போதும், துணையை இழக்கும்போதும் அவருடைய வாழ்க்கையில் என்னென்ன மாறுகிறது, உதவ யார் இருக்கிறார்கள், அந்த உதவி அவரைச் சென்றடையாமல் எது தடுக்கிறது என்பதை 14 வயதிலேயே முறையாகப் படிக்க வைக்கும் பாடம் இது. அதே நேரம், இந்தப் பாடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களும் உண்டு, சேர்க்காத இடங்களும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி இங்கிலாந்தின் முறையை வைத்து எழுதப்பட்டது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இதே துறை ஜீசிஎஸ்ஈ பாடமாகவே உண்டு. ஸ்கொட்லாந்தில் நஷனல் 5 மட்டத்தில் கெயார் என்ற பாடம் இருக்கிறது. அங்கே வசிப்பவர்களுக்கு விதிகள் வேறு.

படி 1: பாடத்தைப் பேசுமுன் தொழிலைப் பேசுங்கள்

பிள்ளை வைத்தியராக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மருத்துவ பீடங்களில் பெரும்பாலானவை ஏ லெவலில் இரசாயனவியலைக் கேட்கும், பல உயிரியலையும் சேர்த்துக் கேட்கும், யூகாட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். ஜீசிஎஸ்ஈ காலத்தில் ஹெல்த் அண்ட் சோஷியல் கெயாரை ஒரு தெரிவுப் பாடமாக எடுப்பது இதைக் கெடுக்காது. விஞ்ஞானம் எப்படியும் கட்டாயப் பாடம். ஆனால் 16 வயதுக்குப் பிறகு இந்தத் துறையின் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ பீடத்துக்குள் போகலாம் என்று எண்ணக் கூடாது.

தாதியர், மருத்துவிச்சி, சோஷியல் வேர்க்கர், ஒக்கியூபேஷனல் தெரபிஸ்ட், பரமெடிக், பேச்சுச் சிகிச்சையாளர், சிறுவர் பராமரிப்பு, முதியோர் இல்ல முகாமை என்று நினைத்தால் கதை வேறு. தாதியர் படிப்பிலேயே பெரியவர்கள், சிறுவர்கள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகள் உண்டு. நம்மவர்களில் பலர் முதலாவதை மட்டுமே அறிவார்கள். என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) தன்னிடம் 350க்கும் மேற்பட்ட தொழில்கள் இருப்பதாகச் சொல்கிறது. பிள்ளையிடம் "என்ன ஆகப்போகிறாய்" என்று கேட்டால் இந்த வயதில் பதில் வராது. எது பிடிக்கும் என்று கேளுங்கள்: ஆட்களோடு இருந்து கதைப்பதா, உடம்பு எப்படி இயங்குகிறது என்று அறிவதா, சிறு குழந்தைகளோடு பழகுவதா, குழப்பமான ஒரு குடும்பப் பிரச்சினையை ஒழுங்குபடுத்துவதா? இந்த நான்குக்கும் இந்தத் துறையில் நான்கு வேறு பாதைகள் இருக்கின்றன.

படி 2: பாடசாலை எந்தச் சான்றிதழைக் கற்பிக்கிறது என்று கேளுங்கள்

ஒப்ஷன்ஸ் பற்றி விளக்கும் மாலைக் கூட்டத்தில் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இப்பாடம் வழக்கமான ஜீசிஎஸ்ஈ வடிவில் இல்லை. அதற்கு நிகரான தொழில்சார் சான்றிதழாகவே இருக்கிறது. அதிகம் காணப்படுபவை இரண்டு.

பியர்சன் என்ற பரீட்சை வாரியத்தின் பீடெக் டெக் அவார்டில் மூன்று பகுதிகள். முதலாவது மனித வளர்ச்சி: பிறப்பு முதல் 2 வயது, 3–8, 9–18, 19–45, 46–65, 65க்கு மேல் என்று ஆறு பருவங்களாக வாழ்க்கையைப் பார்க்கிறது. இரண்டாவது சேவைகளும் பராமரிப்பு விழுமியங்களும். இவ்விரண்டும் ஒப்படைகள், ஒவ்வொன்றுக்கும் 30 வீதம். மூன்றாவது உடல்நலமும் நல்வாழ்வும், இது 2 மணி நேரம் எழுதும் 60 புள்ளிப் பரீட்சை, மிகுதி 40 வீதம் இதற்கு. ஓசிஆர் என்ற இன்னொரு வாரியத்தின் கேம்பிரிட்ஜ் நஷனலில் பராமரிப்புக் கொள்கைகள் பற்றி 1 மணி 15 நிமிடப் பரீட்சை ஒன்று. அதோடு வாழ்க்கை நிகழ்வுகளின்போது ஒருவருக்கு உதவுவது பற்றிய கட்டாய ஒப்படை. இன்னுமொன்று சிகிச்சைசார் செயற்பாடுகள் அல்லது சுகாதாரப் பிரசாரம், இந்த இரண்டில் ஒன்றைப் பாடசாலை தெரிவுசெய்யும்.

பெறுபேறு ஜீசிஎஸ்ஈயைப் போல 9 முதல் 1 வரை வராது. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன், டிஸ்டிங்ஷன் ஸ்டார் என்று வரும், அதிலும் லெவல் 1, லெவல் 2 என்ற பிரிவு உண்டு. பாடசாலைகளின் கணக்கில் லெவல் 2 பாஸ் ஜீசிஎஸ்ஈ 4க்குச் சமம், டிஸ்டிங்ஷன் 7க்குச் சமம், டிஸ்டிங்ஷன் ஸ்டார் 8.5. "இது ஜீசிஎஸ்ஈயே இல்லை" என்று கவலைப்படும் பெற்றோருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். எந்த ஒப்படை எந்த மாதம், திரும்பச் செய்ய வாய்ப்பு எப்போது என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துவைப்பது நல்லது.

படி 3: ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்

இது சின்னப் படிதான், ஆனால் இங்கேதான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். தாதியர் பட்டப்படிப்புக்கும் சோஷியல் வேர்க்குக்கும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4ஐப் பல்கலைக்கழகங்கள் கேட்கும். தாதியருக்கு விஞ்ஞானமும் பல இடங்களில் வேண்டும், சில இடங்களில் 5 கூட. பீடெக்கில் டிஸ்டிங்ஷன் ஸ்டார் எடுத்து கணிதத்தில் 3 வந்தால், 16க்குப் பிறகும் கணிதத்தைத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரியாத தாதியை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று பிள்ளைக்கு விளக்கினால், கணிதம் ஏன் என்ற கேள்வி அடங்கிவிடும்.

படி 4: ஒப்படையில் மனிதரை எழுதுங்கள்

புள்ளிகள் இங்கேதான் கிடைக்கின்றன, இங்கேதான் இழக்கவும்படுகின்றன. ஆதலால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பாடத்தின் அடித்தளம் ஒருவரை நான்கு பக்கத்திலிருந்து பார்ப்பது: உடல், அறிவு, உணர்வு, சமூகம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பைஸ் என்று வகுப்பில் சொல்வார்கள். இந்த நான்கையும் மனப்பாடம் செய்வது மிகச் சுலபம். எல்லாரும் செய்கிறார்கள். அந்த நான்கையும் ஒரே மனிதருக்குள் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுகிறவருக்கே உயர்ந்த பெறுபேறு.

பக்கவாதம் வந்த 58 வயதான பேருந்துச் சாரதி ஒருவரைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண விடை இப்படி இருக்கும்: "உடல்ரீதியாக அவருக்கு நடக்கக் கடினமாக இருக்கும். உணர்வுரீதியாக அவர் கவலைப்படுவார். சமூகரீதியாக நண்பர்களைச் சந்திக்க முடியாது." பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று வசனங்களையும் எந்த நோய்க்கும் எந்த வயதினருக்கும் எழுதலாம். நல்ல விடை அந்தச் சாரதியை விட்டு நகராது. வலது கையின் பலம் குறைந்ததால் பேருந்து ஓட்ட முடியாது, அதனால் வருமானம் குறையும். பல வருடங்களாகச் செய்த வேலை போனதும், தான் குடும்பத்தைத் தாங்குகிறவர் என்ற எண்ணம் அடிபடும். டிப்போவில் தினமும் கண்ட நண்பர்கள் இல்லாமல் போவார்கள். பேச்சும் குழறினால் தொலைபேசியில் கதைக்கவே கூச்சப்படுவார். அந்தக் கூச்சம் தனிமையைக் கூட்டும், தனிமை உடற்பயிற்சி செய்யும் மனதைக் குறைக்கும், பயிற்சி குறைந்தால் கை தேறுவதும் தாமதமாகும். உடலில் தொடங்கிய ஒன்று உணர்வு வழியாகவும் சமூகம் வழியாகவும் சுற்றித் திரும்ப உடலுக்கே வருகிறது. "அதனால்" என்ற சொல்லை ஒரு பந்தியில் எத்தனை முறை நியாயமாகப் பயன்படுத்த முடிகிறது என்று பாருங்கள். விடையின் தரத்தைப் பிள்ளை தானாகவே அளந்து பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இதே சாரதிக்கு இரண்டாவது பகுதியில் யார் உதவுவார்கள் என்று எழுத வேண்டும். ஜீபி (குடும்ப வைத்தியர்), வைத்தியசாலையின் பக்கவாதப் பிரிவு, பிசியோதெரபிஸ்ட், பேச்சுச் சிகிச்சையாளர், வீட்டைத் திருத்தியமைக்க ஒக்கியூபேஷனல் தெரபிஸ்ட், கவுன்சிலின் சமூகப் பராமரிப்பு, தொண்டு நிறுவனங்கள், கடைசியாகச் சம்பளமில்லாமல் பார்க்கும் மனைவியும் பிள்ளைகளும். உதவியைப் பெறத் தடைகள் என்ன என்றும் கேட்பார்கள்: தூரம், பணம், படிக்கட்டு, பயம், மொழி. மொழித் தடையை நம் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. அம்மம்மாவோடு ஜீபிக்குப் போய் மொழிபெயர்த்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் இந்தப் பாடம் அவர்களுக்கு ஒரு புதிய விடயத்தைச் சொல்லும். நோயாளி பணம் கட்டாமல் மொழிபெயர்ப்பாளரைப் பெற என்எச்எஸ்ஸில் ஏற்பாடு உண்டு, குடும்பத்தவரை, குறிப்பாகச் சிறுவரை, அந்த வேலைக்கு நம்பியிருக்கக் கூடாது என்பதே அதன் வழிகாட்டல். 12 வயதுப் பிள்ளை தன் பாட்டியின் புற்றுநோய்ச் செய்தியைத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வரக் கூடாது என்று விளங்கிய மாணவர், அந்தப் பந்தியை வேறு யாரையும்விட நன்றாக எழுதுவார்.

பராமரிப்பு விழுமியங்களாக 6 சி என்று ஆறு பண்புகள் வரும்: பராமரிப்பு, பரிவு, தகைமை, தொடர்பாடல், துணிவு, அர்ப்பணிப்பு. 2012 டிசம்பரில் இங்கிலாந்தின் தலைமைத் தாதி அதிகாரியாக இருந்த ஜேன் கமிங்ஸ் இவற்றை முன்வைத்தார். மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் வைத்தியசாலையில் நோயாளிகள் புறக்கணிக்கப்பட்டது பற்றிய பொது விசாரணை நடந்து முடிந்துகொண்டிருந்த காலம் அது. விசாரணையை நடத்திய ரொபர்ட் பிரான்சிஸின் அறிக்கை 2013 பெப்ரவரியில் வந்தது. இந்தப் பின்னணி தெரிந்தால் "துணிவு" ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று புரியும். ஒரு நோயாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கப்படவில்லை என்றால், மேலதிகாரியிடம் போய் அதைச் சொல்லும் துணிவு அது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒப்படை பாடசாலையில் மேற்பார்வையின்கீழ் எழுதப்படுவது; வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவோ, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கவோ முடியாது. அப்படிச் செய்து பிடிபட்டால் புள்ளிகளையே இழக்கலாம். அடுத்தது, உறவினர் ஒருவரின் அனுபவத்தை எழுதினால் அவருடைய அனுமதியைக் கேளுங்கள், பெயரை மாற்றுங்கள். இரகசியம் காப்பதும் இந்தப் பாடத்தில் படிக்கும் ஒன்றுதான்.

படி 5: பரீட்சைக்கான எண்கள்

பியர்சன் பரீட்சையில் ஒருவருடைய உடல்நலத் தரவுகளைத் தந்து விளக்கச் சொல்வார்கள். பெரியவர் ஒருவரின் ஓய்வுநிலை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. இரத்த அழுத்தம் 90/60க்கும் 120/80க்கும் இடையில் இருப்பது நல்லது, கிளினிக்கில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் அழுத்தம். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 18.5 முதல் 24.9 வரை ஆரோக்கியமான எடை. தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு 23இலேயே அதிக எடை என்றும் 27.5இல் பருமன் என்றும் கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டு வழிகாட்டல், ஏனென்றால் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவு ஆபத்து கூடுகிறது. பரீட்சையில் அட்டவணை தந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வீட்டில் அப்பாவின் பிஎம்ஐயைக் கணக்கிடும்போது தெற்காசியருக்கான இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

எண்ணைச் சொல்வதோடு நிற்காமல், அது இந்த ஆளுக்கு என்ன செய்யும், இப்போதும் பல வருடங்களுக்குப் பிறகும், என்று எழுதுங்கள். ஆலோசனை கேட்டால் அவருடைய வாழ்க்கைக்குள் அடங்கும் ஆலோசனையைக் கொடுங்கள். இரவு வேலை செய்யும் தாயிடம் தினமும் மாலை ஜிம்முக்குப் போ என்று எழுதினால் புள்ளி வராது.

படி 6: அமைப்பையும் சட்டத்தையும் பின்னணியாகப் படியுங்கள்

என்எச்எஸ் 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கியது. சிகிச்சை பெறும் நேரத்தில் பொதுவாகப் பணம் கட்டத் தேவையில்லை. சமூகப் பராமரிப்பு அப்படி இல்லை. இங்கிலாந்தில் ஒருவரிடம் 23,250 பவுணுக்கு மேல் சொத்து இருந்தால் பராமரிப்புச் செலவைப் பொதுவாக அவரே கட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் முதியோர் இல்லக் கட்டணத்தைக் கண்டு அதிர்ந்துபோகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 15 வயதுப் பிள்ளை ஒருவர் அதை மேசையில் உட்கார்ந்து பெற்றோருக்கு விளக்க முடிவது இந்தப் பாடத்தின் உடனடிப் பயன்களில் ஒன்று. இல்லங்களையும் வைத்தியசாலைகளையும் பரிசோதிப்பது சிகியூசி என்ற கண்காணிப்பு அமைப்பு. பாதுகாப்பானதா, பயனுள்ளதா, அன்பானதா, தேவைக்கு ஏற்ப இயங்குகிறதா, நன்கு நிர்வகிக்கப்படுகிறதா என்று ஐந்து கேள்விகளை அது கேட்கும். அதன் அறிக்கைகள் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். உங்கள் பகுதியில் உள்ள ஓர் இல்லத்தின் அறிக்கையைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்.

சட்டங்களில் 2010 சமத்துவச் சட்டம், 2014 பராமரிப்புச் சட்டம், 2005 மனத்திறன் சட்டம் ஆகியவற்றை அறிந்திருந்தால் போதும். மூன்றாவதை நம் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டும். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை, இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குப் புத்தியற்றதாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காகவே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அம்மாவுக்காக, அப்பப்பாவுக்காக நாமே எல்லாவற்றையும் முடிவுசெய்வதைப் பாசம் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அவர்களிடம் முதலில் கேட்பதும் பாசம்தான் என்று இந்தப் பாடம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

படி 7: வகுப்புக்கு வெளியே பழகுங்கள்

சென் ஜோன் அம்புலன்ஸ் கடெட்டில் 10 வயது முதல் 17 வரை சேரலாம், முதலுதவியை முறையாகக் கற்றுத்தருவார்கள். 14 வயதிலிருந்து இளையோருக்கான டியூக் ஒஃப் எடின்பரோ விருதுத் திட்டத்தில் தொண்டுப் பகுதியை முதியோர் இல்லத்திலோ விசேட தேவையுள்ள பிள்ளைகளின் கழகத்திலோ செய்யலாம். வைத்தியசாலைகள் தொண்டர்களைப் பெரும்பாலும் 16 வயதுக்குப் பிறகே எடுக்கும், டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனையும் 16க்கு மேல்தான். 10ஆம் ஆண்டில் வேலை அனுபவ வாரம் வந்தால், மாமாவின் அலுவலகத்தில் இடம் கேட்பதை விட்டு, ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கோ நர்சரிக்கோ பல் வைத்தியரிடமோ எழுதுங்கள். முன்கூட்டியே எழுதுங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பும்.

ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் பிள்ளை அரைப் பக்கம் எழுதிவைக்கட்டும்: யாருக்கு என்ன கடினமாக இருந்தது, பராமரிப்பவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார். பெயர்கள் வேண்டாம். வீட்டில் தம்பியையோ நோயுற்ற பெற்றோரையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதுவும் அனுபவமே. அதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. பாடசாலையிடம் சொன்னால் இளம் பராமரிப்பாளருக்கான உதவியும் கிடைக்கும்.

படி 8: 16 வயதில் எந்தப் பாதை

இங்கிலாந்தில் 18 வயதுவரை ஏதோ ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். தாதியர், மருத்துவிச்சி போன்ற திசை தெளிவாக இருந்தால் ஹெல்த் டி லெவலைப் பாருங்கள். 2021இல் தொடங்கியது, இரண்டு வருடம், மூன்று ஏ லெவல்களுக்குச் சமம். குறைந்தது 315 மணி நேர வேலைத்தள அனுபவம் அதன் ஒரு பகுதி. வார்ட்டில் நிற்பது தனக்குப் பிடிக்குமா என்று பல்கலைக்கழகத்துக்கு முன்பே தெரிந்துவிடும். திசை இன்னும் தெளிவில்லை என்றால், ஒரு ஏ லெவல் அளவிலான ஹெல்த் அண்ட் சோஷியல் கெயார் சான்றிதழோடு உயிரியல், உளவியல் அல்லது சமூகவியல் ஏ லெவல்களைச் சேர்ப்பது என் பார்வையில் மிக நல்ல தெரிவு. பிசியோதெரபி யோசிப்பவர்கள் உயிரியலை விடவே கூடாது. இந்த மட்டத்துச் சான்றிதழ்களை அரசு மாற்றியமைத்துக்கொண்டு வருகிறது, ஆகவே அக்கா படித்த அதே பீடெக் தங்கைக்கு இருக்கும் என்று எண்ணாமல் கல்லூரியிடம் அந்த வருடத்துக்குரியதைக் கேளுங்கள். விரும்பும் மூன்று பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தகைமைப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சான்றிதழின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உழைத்துக்கொண்டே படிக்க வேண்டிய வீடுகளும் உண்டு. அவர்களுக்கு அப்ரெண்டிஸ்ஷிப் இருக்கிறது: பராமரிப்புப் பணியாளராகத் தொடங்கி, நேர்சிங் அசோசியேட்டாகி (பராமரிப்புப் பணியாளருக்கும் தாதிக்கும் இடைப்பட்ட பதவி), பிறகு தாதியர் பட்டம் வரை சம்பளத்தோடு போகலாம். நேரம் கூடுதலாக எடுக்கும், பட்டப்படிப்புக் கடன் இருக்காது.

படி 9: பல்கலைக்கழக விண்ணப்பம்

தாதியராக இங்கிலாந்தில் 2013இலிருந்து பட்டப்படிப்பு கட்டாயம். 4,600 மணி நேரப் படிப்பில் பாதி வைத்தியசாலைகளிலும் சமூகத்திலும் நேரடிப் பயிற்சி. தகுதியுள்ள தாதியர், மருத்துவிச்சி, துணைச் சிகிச்சைத்துறை மாணவர்களுக்கு வருடத்துக்கு 5,000 பவுண் திருப்பிக் கட்டத் தேவையற்ற உதவித்தொகை உண்டு. அரச மாணவர் நிதி ஆதரவுக்குத் தகுதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, விசா நிலை சிக்கலான குடும்பங்கள் இதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் அமைப்பு வழியாக அனுப்பும் விண்ணப்பக் கட்டுரை 2026 நுழைவிலிருந்து மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது: இந்தப் படிப்பு ஏன், உங்கள் கல்வி இதற்கு உங்களை எப்படித் தயார்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இரண்டாவது கேள்விக்கு ஒப்படையிலிருந்து ஒரு உதாரணம், மூன்றாவதுக்கு அந்த அரைப் பக்கக் குறிப்புகள். "சிறுவயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ ஆசை" என்று ஆரம்பிக்காதீர்கள், வாசிப்பவர் அதை ஏற்கெனவே பல விண்ணப்பங்களில் பார்த்திருப்பார்.

நேர்முகத்தில் ஒரு சூழ்நிலையைத் தருவார்கள்: வயதான நோயாளி குளிக்க மறுக்கிறார், என்ன செய்வீர்கள்? "குளித்தால்தான் நல்லது என்று எடுத்துச் சொல்வேன்" என்று உடனே சொல்லாமல், ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேட்பேன் என்று தொடங்குங்கள். குளிராக இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், ஆண் பராமரிப்பாளர் வேண்டாம் என்றிருக்கலாம், நேற்று வழுக்கி விழுந்த பயமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை மதித்து, குறிப்பெடுத்து, பொறுப்பிலுள்ள தாதிக்குத் தெரிவிப்பேன் என்றும் சொல்லுங்கள்.